ஆறாவது பெட்டி

மெல்பர்ன்
14 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளைக்குப் பொங்கல். இங்கே வெயில் கொளுத்துகிறது. பானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மின்சார அடுப்பில் வைக்கப்போகிறேன். பொங்கி வழிந்தால் வீட்டுக்காரம்மா என்னைத்தான் துடைக்கச் சொல்வார்.

போனில் பேசினால் "சாப்பிட்டியா, ஒடம்பு எப்படி" என்று கேட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் இரண்டு தடவை வாசிக்கிறீர்களாம். பிறகு கல்லா மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறீர்களாம். அம்மா எல்லாம் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வேண்டுகோளையும் கடிதத்தில் எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களின் காலும் முதுகும் என்ன ஆகின்றன என்று பார்க்கிறேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. பொய் சொல்வதில்லை, தெரியாது, அவ்வளவுதான். அதனால் தொடையில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டிவிடுவோம். தீப்பெட்டியை விடச் சிறியது. அது நிற்பதையும் நடப்பதையும் உட்காருவதையும் தானே குறித்துக்கொள்ளும்.

இங்குள்ள கடைகளில் பார்த்து முடித்துவிட்டேன். நம் ஊர்க் கடை ஒன்றும் வேண்டும். நம் துணிக்கடையில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு வாரம் மட்டும் ஒட்டிக்கொள்ளச் சம்மதிப்பார்களா? என்னோடு இங்கே படிக்கும் ஜீவன் மார்ச்சில் ஊருக்கு வருகிறார். பெட்டிகளை அவர் கொண்டுவந்து எல்லாம் விளக்குவார். நீங்கள் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிறகு யாரிடமும் எதையும் விசாரிக்கவும் கூடாது.

ராமலட்சுமி அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். பள்ளிக்கூட யூனிபோர்முக்குத் துணி வெட்டும்போது "பாப்பா வளந்துரும்" என்று எப்போதும் கொஞ்சம் கூட்டியே வெட்டுவார். இப்போதும் எந்தத் துணி எடுத்தாலும் எனக்கு அவர் ஞாபகம்தான். அவருடைய கால் எப்படி இருக்கிறது? போன வருஷம் நான் சொன்ன ஸ்டூல்களை வாங்கினீர்களா?

உங்கள் அன்பு மகள்,
கம்சலா


பதுளை
6 பெப்ரவரி 2024

அன்பு மகள் கம்சலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்குக் கதிரேசன் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தோம். கடிதத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைப்பது உண்மைதான். மகள் எழுதியதை வைக்காமல் மின்சார பில்லையா வைப்பேன்?

நீ கேட்டதை மறுப்பேனா? தாராளமாக வரட்டும் உன் பெட்டிகள். மெல்பர்ன் கடைகளோடு நம் கடையும் புத்தகத்தில் வரும் என்று சொன்னதும் கடைப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான்.

ஸ்டூல் விஷயம். ஆறு ஸ்டூல் வாங்கினேன். கல்யாணப் பட்டு எடுக்க ஒரு கூட்டம் வந்தால் அதில் நாலு பேர் வயதானவர்கள். அவர்கள் நிற்க நம் பிள்ளைகள் உட்கார முடியுமா? இப்போது ஸ்டூலில் உட்காருவது வாடிக்கையாளர்கள்தான். அவர்கள் இல்லாத நேரத்தில் பக்கத்துக் கடை அஸீஸின் பூனை தூங்குகிறது. என்மேல் கோபப்படாதே. வாசலில் கால் வைக்கிறவர் கண்ணில் உட்கார்ந்திருக்கிற ஆள் பட்டால், இங்கே வியாபாரம் இல்லை என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால்தான் நம் கடையில் திறந்த நேரத்தில் யாரும் உட்காருவதில்லை.

பிள்ளைகளை நிற்கவைத்துவிட்டு நான் மட்டும் சாய்ந்துகொண்டிருந்தால் நீ என்னைத் திட்டலாம். கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியே கிடையாது, அது உனக்கே தெரியும். அறுபத்திரண்டு வயதில் நானும் அவர்களோடு சரிசமமாக நிற்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் என்னைப் பார்த்து யாரும் விரல் நீட்ட முடியாது.

ராமலட்சுமிக்குச் சொன்னேன். "பாப்பா கேட்டுச்சுன்னா ஒட்டிக்கிறேன், காலு வலிய மட்டும் அதுக்கிட்டச் சொல்லாதீங்க மொதலாளி, பாவம், அங்க இருந்து வெசனப்படும்" என்றாள். நான் சொல்லிவிட்டேன்.

அன்புடன்
அப்பா
வடிவேல்


பதுளை
30 மார்ச் 2024

அன்பு மகள் கம்சலாவுக்கு,

ஜீவன் தம்பி வந்தார், நல்ல பிள்ளை. தமிழிலும் சிங்களத்திலும் பொறுமையாக விளக்கினார். விளக்கிய அன்றே கொஸ்லந்தவில் சொந்தக்காரர் வீடு என்று போய்விட்டு, ஒரு வாரம் கழித்து வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் கடையில் ஒரே சிரிப்பு. சித்திரை வருஷத்துக்குத் துணி எடுக்க வந்தவர்கள், என்ன எல்லோரும் இவ்வளவு விறைப்பாக நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். ராமலட்சுமிதான் ஸ்டோர் அறைக்குள் வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒட்டிவிட்டாள். காலையில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்ததும் அவள்தான். உனக்காகச் செய்கிறாள் என்பதால் ஒரு குறையும் வைக்கவில்லை.

மேனுஷா மட்டும் அக்கா கல்யாணம் என்று பசறைக்குப் போய்விட்டாள். அதற்காகக் கவலைப்படாதே. ஆறு பெட்டியில் ஒன்றும் சும்மா கிடக்கவில்லை. மகளுடைய வேலையில் ஒரு ஆள் குறைந்தது என்று வரவிடுவேனா? வலி எங்கே இருக்கிறது என்று குறிக்கும் படமும் ஆறு பேருடையதும் சரியாக இருக்கிறது.

அம்மா முறுக்குச் சுட்டு ஜீவனிடம் கொடுத்திருக்கிறாள். அவர் வழியில் சாப்பிட்டுவிடாமல் இருந்தால் உனக்கு வரும்.

அன்புடன்
அப்பா


மெல்பர்ன்
26 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

முறுக்கு வந்தது, பாதி நொறுங்கி. நொறுங்கியதைத்தான் முதலில் சாப்பிட்டேன்.

அப்பா, நம் கடைப் பெட்டிகளின் கணக்கு வந்துவிட்டது. இதை யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களோடு நான் போடும் சண்டைக்கு இப்போது ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஆறு பேரில் ஐந்து பேர் சாப்பிடும் நேரம் தவிர உட்காரவே இல்லை. அந்த ஐந்து பேருக்கும் கெண்டைக்காலில் வலி, இடுப்பில் வலி. ஒருவர் மட்டும் பகலில் இடையிடையே நன்றாக உட்கார்ந்திருக்கிறார். வலிப் படத்தில் அவர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. வலி இல்லை என்று எழுதியிருக்கிறார்.

ஒரு ஆளை வைத்து ஆராய்ச்சியில் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் உங்களுக்கு நிரூபிக்கலாம் இல்லையா? அந்த ஒருவர் உட்கார்ந்ததால் கடைக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. உட்கார்ந்தது உங்களுக்கே தெரியவில்லை. அப்படியானால் மற்ற ஐந்து பேரும் ஏன் உட்காரக் கூடாது? பூனையை எழுப்பிவிட்டு ஸ்டூல்களைத் திருப்பிக் கொடுங்கள்.

டிசம்பரில் வருகிறேன். வரும்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும்.

அன்பு மகள்,
கம்சலா


பதுளை
19 ஜூன் 2024

அன்பு மகள் கம்சலாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் நிற்கிறேன், மற்றவர்கள் நிற்கிறார்கள், ஒரு ஆள் மட்டும் கண்ணில் படாமல் உட்கார்ந்து எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் தாங்கும்? உட்காருவது பெரிய விஷயம் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே உட்காரச் சொல்லியிருப்பேன்.

நீ விசாரிக்கக் கூடாது என்று சொன்னாய். நான் விசாரிக்கவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். கீழே நிற்கிற பிள்ளைகள் என் கண்முன்னால் இருக்கிறார்கள். துணி எடுக்க அடிக்கடி மேலே ஸ்டோருக்குப் போகிறவள் ராமலட்சுமி ஒருத்திதான். இரண்டு நாள் கழித்து நானே பின்னால் போனேன். ஸ்டோர் படியில் உட்கார்ந்து காலில் ஏதோ துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் கீழே வந்ததும் எல்லோர் முன்னாலும், "மேல போறது துணி எடுக்கவா, காலை நீட்டவா? எம்மகளோட பெட்டி ஒன்னையக் காட்டிக் குடுத்துருச்சு" என்று கேட்டுவிட்டேன். கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்களும் நின்றார்கள். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். விரித்திருந்த சேலைகளையெல்லாம் மடித்தாள், அந்த வியாபாரத்தை முடித்துக் கொடுத்தாள், கடை சாத்தும்வரை நின்றாள். அடுத்த நாள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இத்தனை வருஷம் பழகியவள் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கும் மனம் சங்கடப்படுகிறது. கல்யாணக் கூட்டங்கள் வந்து அவளைத்தான் கேட்கிறார்கள். சுகமில்லை என்று சொல்லி வைக்கிறேன். தப்பு இல்லை என்றால் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே.

அப்பா


மெல்பர்ன்
8 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு இரண்டு தடவை போன் எடுத்தேன். இரண்டு தடவையும் கடையில் கூட்டம் என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அம்மா அழுகிறார், எனக்கும் அழுகைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதல் பிழை என்னுடையது. யார் என்று ஊகிக்கும்படி எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம். உங்களை ஜெயிக்க வேண்டும் என்ற சந்தோஷத்தில் அதை மறந்துபோனேன். என் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். நம் கடையின் கணக்கு முழுவதையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

அப்பா, இதைச் சொல்வதும் பிழைதான். சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய பிழை. அது ராமலட்சுமி அக்கா இல்லை.

பெட்டி கடை சாத்திய பிறகும் காலில்தான் இருந்தது. ஐந்து பேர் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறார்கள். பிறகு இறங்கி மேடேறி நடக்கிறார்கள். அந்த ஒருவர் மட்டும் பஸ் ஏறவில்லை. மேடு ஏறவில்லை. கடை சாத்தியதும் ஒரு மாடிப்படி ஏறுகிறார், அதோடு அன்றைய நடை முடிந்துபோகிறது. நம் கடைப் பெண்களில் கடைக்கு மேலே குடியிருக்கிறவர் யாரும் இல்லை.

மேனுஷா கல்யாணத்துக்குப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். ஆறு பெட்டியும் சும்மா இருக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் அதை வாசித்துவிட்டு ஏன் கேட்கவில்லை என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். மேனுஷாவின் பெட்டியை யார் ஒட்டிக்கொண்டது அப்பா?

அக்காவின் வீடு ஹாலிஎலயில் எங்கே என்று கடைக்கு மூட்டை இறக்க வரும் அழகையா அண்ணனுக்குத் தெரியும். போய்ப் பாருங்கள். டிசம்பரில் வருவேன் என்று சொன்னேன். அவர் இல்லாத கடைக்குள் எந்த முகத்தோடு நுழைவேன் என்று தெரியவில்லை.

கம்சலா


பதுளை
21 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் கம்சலாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இதைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கவில்லை.

பெட்டியை ஒட்டிக்கொண்டது நான்தான். மகளுடைய ஆராய்ச்சியில் ஒரு ஆள் குறைகிறதே என்று ஒட்டிக்கொண்டேன். ஜீவனிடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று சொல்லவில்லை. வலி இல்லை என்று எழுதியதும் நான்தான். முதலாளி வலி என்று எழுதினால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உண்மையிலேயே எனக்கு வலி இல்லை, மகளே.

ஒரு ஆள் உட்கார்ந்தது என்று நீ எழுதியபோது ஐந்து பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஆறாவது ஆளாக என்னை நினைக்கவே இல்லை. மத்தியானம் மேலே வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கணக்குப் பார்க்கிறேன். கொழும்பு மொத்த வியாபாரிகளோடு போனில் பேசுகிறேன். நாலு மணிக்கு உன் அம்மா டீ கொண்டுவருகிறாள், பேப்பர் பார்க்கிறேன். அதெல்லாம் எனக்கு வேலை. உட்காருவது என்று அதற்கு நான் பெயர் வைத்ததே இல்லை. உன் அம்மாவிடம் கேட்டேன். "மேல வந்தா நீங்க சாமான்யத்துல எந்திரிக்க மாட்டீங்களே" என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்தால் பிள்ளைகளும் உட்காருவார்கள் என்று நினைத்தேன். மேனுஷா மட்டும் ஸ்டூல் ஓரத்தில் உட்கார்ந்தாள், அதுவும் நான் சொன்னதற்காக. வாசலில் ஒரு ஆள் தெரிந்ததும் எழுந்துவிட்டாள். மற்றவர்கள் உட்காரவே இல்லை. ராமலட்சுமிக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் எப்படி உட்காருவார்கள்?

திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, கடை இல்லை. ஹாலிஎலவுக்குப் போனேன். அழகையா கூட வருகிறேன் என்றான், நான் வேண்டாம் என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி தோட்டத்து லயத்தில் அவள் வீட்டுக்கு ஏறுகிற மேடு இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாதியில் முடியாமல் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நாள் முழுக்க என் கடையில் நின்றுவிட்டு ராத்திரியில் அவள் ஏறிய மேடு அது.

இப்போது தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். அந்தச் சரிவில், அந்தக் காலோடு. கெண்டைக்காலில் அதே துணி. நம் கடைச் சேலை ஒன்றின் கரை அது, பச்சையில் மாம்பிஞ்சு போட்டது. அன்று படியில் அவள் சுற்றிக்கொண்டிருந்தது அதைத்தான். அப்போது நான் துணியைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை.

என்னைக் கண்டதும் உள்ளே போனாள். வெறுத்துத்தான் போகிறாள் என்று நினைத்தேன். வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க மொதலாளி, மேடு ஏறி வந்திருக்கீங்க" என்றாள். நான் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். பெட்டி காட்டியது என்னைத்தான் என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அன்றே ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? மேனுஷா பெட்டிய நீங்க ஒட்டிக்கிட்டது எங்க அத்தன பேருக்கும் தெரியும். மேல போனா நீங்க உக்காருவீங்கன்னும் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல. கடையில வெளியாளுங்க நிக்கிறாங்க, அவங்க முன்னால மொதலாளிய எப்புடிச் சொல்றது?" என்றாள்.

என் மானத்தை அவள் காப்பாற்றினாள். அவள் மானத்தை நான் அதே இடத்தில் வாங்கினேன். திரும்பி வா, ஸ்டூல் போட்டிருக்கிறேன், உனக்குப் பிடித்த நேரத்தில் உட்காரலாம் என்று கேட்டேன். கோபமாக மறுத்திருந்தால் தாங்கியிருப்பேன். "கோவமெல்லாம் இல்லைங்க மொதலாளி. அன்னைக்கு அத்தன பேரு முன்னால நின்னேன்ல, அந்த எடத்துல திரும்ப வந்து நிக்க முடியல" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

உன்னைத்தான் விசாரித்தாள். பாப்பா மெலிந்துவிட்டதா, படிப்பு முடிந்ததா என்று கேட்டாள். நம் கடைக் கணக்கை நீ எடுத்துவிட்ட விஷயத்தை நான் சொல்லவில்லை. அவள் அத்தனை அக்கறையாக ஒட்டிவிட்ட பெட்டிகள், அந்த வாரம் அவள் நின்ற நிலை, எதுவும் எங்கேயும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? டிசம்பரில் வரும்போது நீ நேராக அவளிடம் போ. கடைக்கு அப்புறம் வரலாம். வராமல் இருந்தாலும் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

தேத்தண்ணி கொடுத்தாள், குடித்தேன். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் நாற்காலியில் இருந்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலைத் தூக்கி மற்றக் காலில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வீடு அது. நீயும் உட்காரம்மா என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

"பரவாயில்லைங்க மொதலாளி. பழகிருச்சு" என்றாள்.

அப்பா